ஞாயிறு நோட்டுஸ்வரம்: பெற்றோர் கவனத்துக்கு

வணக்கம். ஜூன் 15 ஞாயிறு மாலை 5 மணிக்கு, பாட்டு, வயலின் வகுப்புப் பிள்ளைகள் நம் குடியிருப்பு மாடிக் கூடத்தில் நோட்டுஸ்வரம் பாடுகிறார்கள்.

அது என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மதராஸில் வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் (பாட்டு வரிகள்) போட்டார், எல்லாம் சங்கராபரண ராகச் சாயலில், கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாமல் நேராகப் போகும், அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்குச் சுலபமாக வருகிறது. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டேதான், தாத்தா பாட்டிகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்! தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றதும் அந்தக் காலத்தில்தான்.

சரி, செய்ய வேண்டியவை:

1. 4.15க்கே வந்துவிடுங்கள், சுருதி சேர்க்க நேரம் வேண்டும்.
2. ‘சக்தி சஹித கணபதிம்’ நோட்டுஸ்வரம் மனப்பாடமாக இருக்கட்டும், தாளைப் பார்த்துப் பாட வேண்டாம்.
3. வயலின் பிள்ளைகள் உட்கார விரிப்பு கொண்டுவரவும்.
4. யார் வீட்டிலாவது கீபோர்டு இருந்தால் சொல்லுங்கள், அசல் மெட்டை முதலில் வாசித்துக் காட்டலாம்.

பிள்ளை பெயர், எத்தனை பேர் வருகிறீர்கள் இரண்டையும் வியாழன் இரவுக்குள் இங்கேயே போடுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் சுண்டலுக்குக் கணக்கு வராது.