மலரின் சிலிண்டர் கணக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். நீ சிஎன்ஜி வண்டி வாங்கியதைச் சொன்னதும் அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

சிலிண்டர் பிடிக்கும் அளவைவிடக் கூடுதலாகப் பங்க்கில் பில் போட்டு ஏமாற்றுகிறார்களா என்ற மலரின் கேள்விக்கு வருகிறேன். அவள் போட்ட கணக்கில் பிழையே இல்லை. 60 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), 27 டிகிரி என்று நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில், அதாவது அழுத்தம், கன அளவு, வெப்பநிலையை வைத்து வாயுவின் அளவைச் சொல்லும் சமன்பாட்டில், போட்டால் 7.7 கிலோ மீத்தேன்தான் (சிஎன்ஜியில் பெரும்பகுதி அதுதான்) வரும். பங்க்கில் எட்டரை கிலோவுக்குப் பில் கொடுத்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்? ஆனால் அந்தச் சிலிண்டர் அதே அழுத்தத்தில் 9 கிலோவுக்கு மேலேயே பிடிக்கும்.

மூலக்கூறுகளுக்குப் பருமன் கிடையாது, ஒன்றையொன்று ஈர்க்காது என்று வைத்துக்கொண்டுதான் அந்தச் சமன்பாடு எழுதப்பட்டது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அவை வெகுதூரம் விலகி நிற்பதால் இதனால் பாதகமில்லை. 200 பாரில் மீத்தேன் மூலக்கூறுகள் நெருங்கிவிடுகின்றன. பக்கத்தில் இருப்பவை பின்னுக்கு இழுப்பதால் சுவரில் மோதும் வேகம் தணிகிறது. 200 பாரைத் தொட இன்னும் நிறைய வாயுவை அடைக்க வேண்டியிருக்கிறது.

ஹைட்ரஜன் இதற்கு நேர்மாறு. 700 பார் தொட்டியில், 15 டிகிரியில், லிட்டருக்கு 59 கிராம் இருக்கும் என்கிறது சமன்பாடு. இருப்பதோ 40 கிராம்தான். அங்கே ஈர்ப்பு அற்பம், மூலக்கூறுகளின் பருமனே இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஒரே சமன்பாடு இரண்டு பக்கமும் தவறுவதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தை அயர்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூஸின் சோதனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெல்ஃபாஸ்டில் மெல்லிய கண்ணாடிக் குழாயில் கார்பன் டை ஆக்சைடை அடைத்து அழுத்திப் பார்த்தார், 1869-இல் முடிவை வெளியிட்டார். 31 டிகிரிக்குக் கீழே அது திரவமாகப் பிரிந்தது. அதற்கு மேலே எவ்வளவு அழுத்தியும் பிரியவில்லை. நல்லியல்பு வாயு என்றைக்குமே திரவமாகாது, ஈர்ப்பு இருந்தால்தானே ஆகும்! உன் வீட்டு அடுப்பு கேஸ் சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதே அந்த ஈர்ப்பால்தான். மீத்தேனுக்கு அந்த எல்லை, அதாவது நிலைமாறு வெப்பநிலை, மைனஸ் 82 டிகிரிக்கும் கீழே. நம் ஊர் வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது, வாயுவாகவே அழுத்தி அடைக்க வேண்டும். அதனால்தான் உன் வண்டிக்கு அவ்வளவு கனமான சிலிண்டர்.

ஈர்ப்புக்கு ஒன்று, பருமனுக்கு ஒன்று என்று இரண்டே மாறிலிகளில் இதையெல்லாம் அடக்கியவர் வாண்டர்வால்ஸ். நெதர்லாந்தில் பள்ளி வாத்தியாராக இருந்தவர். 1873-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே இதை எழுதினார். நோபல் பரிசு 1910-இல்தான் வந்தது.

மலரிடம் வாண்டர்வால்ஸ் சமன்பாட்டில் மீத்தேனுக்கு ஈர்ப்பு மாறிலி ஏ 2.28, பருமன் மாறிலி பி 0.043 என்று வைத்து (அழுத்தம் பாரில், கன அளவு லிட்டரில்) அதே கணக்கைத் திரும்பப் போடச் சொல். முப்படிச் சமன்பாடாக வரும், பயப்பட வேண்டாம், மதிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டே பிடித்துவிடலாம். 9.3 கிலோ பக்கம் வர வேண்டும். வராவிட்டால் அவள் போட்ட தாளை அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ராமு