ஜெனியின் மாலை நேரம்

பாம்பன்

அன்பு மகன் அருளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மருமகளையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ உன் மகள் ஜெனியைப் பற்றிச் சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. ஸ்கூல் விட்டு வந்தால் சோபா, சோபாவில் விழுந்தால் போன், எழுந்திரு என்றால் முறைக்கிறாள், சரியான சோம்பேறி என்றாய். போனில் பதில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பேச்சை இனி அவள் காதுபடப் பேசாதே அய்யா. பதினாலு வயதுப் பிள்ளை ஓடுவதை நிறுத்திவிட்டாள் என்றால், அவளைச் சுற்றி என்னென்ன மாறியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வேலைக்காலம் முழுக்க மைதானத்தில் நின்றவள் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை பி.டி. பீரியடுக்கு பெல் அடிக்கும் வரை பிடித்து வைப்பதே கஷ்டம். கோகோ, கபடி, எறிபந்து, எதைச் சொன்னாலும் பாய்ந்து வருவார்கள். அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் வேப்பமரத்தடியை விட்டு நகர மாட்டார்கள். "டீச்சர், வயித்து வலி." "டீச்சர், செருப்பு அந்துருச்சு." இடையில் துப்பட்டா வந்திருக்கும். மாதவிலக்கு வந்திருக்கும், பள்ளிக்கூடக் கழிப்பறையில் தண்ணீர் வந்திருக்காது. மைதானத்தை ஒட்டிய டீக்கடையில் வேலையில்லாமல் உட்கார்ந்து பார்க்கிற ஆட்கள். வீட்டுக்குப் போனால், வயசுக்கு வந்த பிள்ளைக்கு என்ன துள்ளல் என்று கேட்கிற பெரியவர்கள். மார்பு வளர்ந்த பிள்ளை ஓடக் கூச்சப்படுவாள். விளையாடும்போது போட்டுக்கொள்ளத் தனி உள்ளாடை இருக்கிறது என்று பெரும்பாலான வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தாய்மார்களைக் கூப்பிட்டு நான் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு மரத்தடியை விட்டு மைதானத்துக்கு வந்த பிள்ளைகள் உண்டு. இதையெல்லாம் மகனுக்கு எழுத எனக்குக் கூச்சமில்லை. நீ பெண்பிள்ளைக்குத் தகப்பன், தெரிந்திருக்க வேண்டும். ஜெனியிடம் கேட்க வேண்டியதை மருமகள் பக்குவமாகக் கேட்கட்டும்.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடே கணக்குக்குப் போய்விடும். அதற்காக நான் போட்ட சண்டைகள் உனக்கே தெரியும்.

5 வயது முதல் 17 வயது வரை பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும், வாரத்தில் 3 நாளாவது எலும்பும் தசையும் உரம் பெறும்படி ஓட்டம், குதி என்று இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளில் பள்ளிக்கூடம் போகிற 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளைப் பற்றி 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி நூற்றுக்கு 81 பேர் அந்த அளவைத் தொடவில்லை. நம் நாட்டில் பையன்களில் 72 பேர், பெண்பிள்ளைகளில் 76 பேர். தென் கொரியாவில் பெண்பிள்ளைகள் 97 பேர். இத்தனை தேசத்துப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சோம்பேறியாகிவிட்டார்கள் என்று நீ நம்புவாயா?

மற்ற நாடுகளைவிட நாம் கொஞ்சம் தேவலையாக இருப்பதற்கு அவர்கள் சொன்ன காரணத்தையும் கேள். பையன்களுக்குக் கிரிக்கெட், பெண்பிள்ளைகளுக்கு வீட்டு வேலை காரணமாக இருக்கலாமாம். எனக்கு வயிறு எரிந்தது. குடம் சுமப்பதும் வீடு கூட்டுவதும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவதும் கணக்கில் சேர்ந்து நம் பிள்ளைகளைத் தேற்றிவிட்டது! உடம்பு அசைகிறது, இல்லை என்று சொல்லவில்லை. சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நீ. விரல்களில் துணி சுற்றி, முகத்தில் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருவார்கள். அதைவிட உழைத்த உடம்பு இந்தக் கரையில் எது? ஆனால் அவர்களில் ஒருத்தி விளையாட என்று கடலில் இறங்கியதை நீ பார்த்திருக்கிறாயா? அண்ணன் தம்பிமார் சாயங்காலம் பந்தோடு கிளம்பும்போது அக்கா தங்கச்சி மீன் செதிள் சீவிக்கொண்டிருப்பாள். பெண்பிள்ளையின் உடம்பு அடுத்தவர் தேவைக்கு அசைந்தால் போதும் என்று இந்த ஊர் வைத்திருக்கிறது. அவளுக்கே அவளுக்கென்று, சிரித்துக் கத்தி வியர்த்துப்போக, தினமும் ஒரு மணி நேரம் வேண்டும். என் வேலைக்காலம் முழுக்க நான் கேட்டது இவ்வளவுதான். என் பேத்திக்கும் அதைத்தான் கேட்கிறேன்.

பையன்களும் தப்பவில்லை. இப்போதெல்லாம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். நீ படித்த காலத்தில் இந்தக் கோடை நாட்களில் மணலில் வாலிபால் ஆட இடம் பிடிக்கவே சண்டை நடக்கும். இப்போதும் நெட் கட்டுகிறார்கள், ஆடுகிறவர்களில் பாதிக்கு மேல் கல்யாணமானவர்கள். பதினைந்து வயதுப் பையன்கள் கவிழ்த்துப் போட்ட வத்தைப் படகு மேல் வரிசையாக உட்கார்ந்து போனில் கேம் ஆடுகிறார்கள். தெருமுனைக் கடைக்குக்கூட அண்ணனுடைய பைக். லைசென்ஸ் வயது வராத பிள்ளைகள், அது வேறு பயம்.

அப்பாவிடம் சொன்னால் "அந்தக் காலத்துல நாங்க" என்று ஆரம்பித்து, அப்துல் கலாம் சிறுவனாக ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்டது வரை சொல்லி முடிப்பார். உண்மைதான். ஆனால் அன்றைக்கு எல்லாரும் நடந்ததும் ஓடியதும் வேறு வழி இல்லாததால். இன்றைக்கு வாசலுக்கே ஆட்டோ வருகிறது. வழி இருந்தும் ஒரு பிள்ளை நடக்க வேண்டுமென்றால் அவளுக்கு ஆசை வர வேண்டும், கூட யாராவது வர வேண்டும்.

நீ காலை எட்டரைக்கு நம் ரோட்டில் வந்து நின்று பார். அரசு பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கிற சைக்கிளை நிறையப் பையன்கள் சுவரில் சாத்திவிட்டார்கள். பெண்பிள்ளைகள் விடவில்லை. நாலு பேர், ஐந்து பேராகச் சேர்ந்து, பேச்சும் சிரிப்புமாக மிதித்துப் போகிறார்கள். பாம்பன் எதிர்க்காற்றில் மிதிப்பது லேசான வேலையா? உடற்பயிற்சி செய் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. தோழி மிதிக்கிறாள், அதனால் இவளும் மிதிக்கிறாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்பதால் ஊரும் வாய் திறப்பதில்லை. நான் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்திச் செய்ததைவிட அந்தச் சைக்கிள் அதிகம் செய்திருக்கிறது.

இப்போது உன் வீட்டைப் பார். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பந்து விளையாடக் கூடாது என்று போர்டு. மொட்டை மாடிக்குப் பூட்டு. வாரத்தில் ஐந்து நாள் டியூஷன், முடிய ஏழரை ஆகிறது. நீயே காரில் விட்டு நீயே கூட்டி வருகிறாய். இதில் ஜெனி எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு ஓடுவாள்? சொல்லு.

குடியிருப்போர் கூட்டம் நடக்கும்போது எழுந்து பேசு. தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் மாடியைத் திறந்துவிடச் சொல். அந்தக் கட்டிடத்தில் அவள் வயதுப் பெண்பிள்ளைகள் இன்னும் இருப்பார்கள், அவர்களும் சோபாவில்தான் கிடப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்தால் போதும், மூன்றாவது பிள்ளை தானாக வரும். டியூஷனில் இரண்டு நாளைக் குறை. சனி, ஞாயிறு காலையில் நீ அவளோடு நட. பின்னாலிருந்து விரட்டாமல் பக்கத்தில் நட, அவள் பேசுவதைக் கேள். எடையைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், "குண்டாயிட்டே" என்று சொல்கிற உறவுக்காரர்களையும் நீ அங்கேயே தடுக்க வேண்டும். அந்த ஒரு பேச்சு போதும், பிள்ளை வெளியே வரவே கூசுவாள். கதவைச் சாத்திக்கொண்டு ரீல்ஸ் பார்த்து ஆடுகிறாள் என்று புகார் சொன்னாயே, ஆடட்டும். மூச்சு வாங்க ஆடினால் அதுவும் அந்த 60 நிமிடத்தில் சேரும். போனைப் பிடுங்காதே. ராத்திரி பத்து மணிக்கு மேல் எல்லாருடைய போனும் ஹாலில் இருக்கட்டும், உன்னுடையதும் சேர்த்து. தூக்கம் கெட்ட பிள்ளையை மறுநாள் எதற்கும் எழுப்ப முடியாது.

ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடு. எலும்பு கெட்டிப்படுகிற வயது இது. இப்போது ஏறுகிற பலம்தான் என் வயதில் அவள் இடுப்பையும் முதுகையும் காக்கும். மாதவிலக்கு நாட்களில் உடம்பு கேட்டால் ஆடலாம், முடியாவிட்டால் உட்காரலாம். அதை அவள் முடிவு செய்யட்டும்.

மே மாதம் அவளை இங்கே அனுப்பு. திருத்தி அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பாதே, லீவுக்கு அப்பத்தா வீட்டுக்கு என்று அனுப்பு. நான் அவளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். சுற்றிலும் கடல் இருக்கிற இந்தத் தீவில் பையன்கள் எல்லாம் நீந்துவார்கள், பெண்பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. இது எனக்கு வெகுநாள் ஆற்றாமை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது தெற்குக் கடல் கொந்தளித்தாலும் வடக்குக் கடல் குளம்போல் கிடக்கும். விடியற்காலையில், இடுப்பளவுத் தண்ணீரில், மணல் தரையாகப் பார்த்து இறங்குவோம். சொறிமீன் (ஜெல்லி மீன்) தென்பட்டால் அன்றைக்கு இறங்க மாட்டோம், நீ பயப்படாதே. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன், அவர்களுடைய அம்மாமாரும் சம்மதித்துவிட்டார்கள். என்ன உடுத்தி இறங்குவது என்பதை அவளும் நானும் பேசிக்கொள்கிறோம்.

2025-ல் புதுப்பாலம் திறந்தபிறகு ரயில் மறுபடி தீவுக்குள் வருகிறது, அதனால் பஸ் மாறுகிற தொல்லை இல்லை. மே மாத டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இந்த வாரமே போட்டுவிடு. ஜெனியுடைய பாத அளவு என்ன என்று கேட்டுச் சொல். ராமநாதபுரம் போகும்போது அவளுக்கு ஒரு நல்ல கான்வாஸ் ஷூ வாங்கி வைக்கிறேன். என்ன நிறம் வேண்டும் என்று அவளே எனக்குப் போன் பண்ணட்டும்.

அன்புடன்,
அம்மா