இந்த மழை விடுவதற்குள் வந்து பார்த்துவிடு

கும்பகோணம்
ஐப்பசி 20

அன்புள்ள ராஜி,

நேற்று விஜி போன் செய்தாள். தை பிறந்ததும் மன்னார்குடி பழைய வீட்டைப் புதுப்பிக்கிற வேலையை ஆரம்பிக்கப் போகிறாயாம். எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் அது நியாயம்தான். அம்மா நன்றாக இருக்கிறாள். கணேசுக்குத் திருச்சிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. பட்டுச் சித்தி அப்படியேதான் இருக்கிறாள், கொடுக்காப்புளி விவகாரத்தை இன்னும் விட்டபாடில்லை. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உன் பேரன் பிடுங்கிக்கொள்வான், அதனால்தான் எழுதுகிறேன். இதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் பேசும்போது எடுத்துப் பார்.

கூடத்துக்கும் அறைக்கும் நடுவிலிருக்கும் சுவரை எடுத்துப் பெரிய ஹாலாக்குவது, சுவர்களுக்கெல்லாம் சிமென்ட் பூசிப் பட்டி பார்ப்பது, மாடியில் கான்கிரீட் போட்டு ஒழுகலை நிறுத்துவது, சிவப்புத் தரையின் மேல் டைல்ஸ் ஒட்டுவது. விஜி சொன்ன பட்டியல் இது. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ராஜி. இதில் சிமென்ட் பூசுகிற வேலையை நான் செய்துவிட்டு ஒரு வருஷம் அவஸ்தைப்பட்டேன்.

அம்மா அறையின் பின்சுவர் உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் கரியால் படம் வரைந்து அடி வாங்கிய சுவர். போன வருஷம் சித்திரையில் அதில் இடுப்பு உயரத்துக்குக் காரை உதிர ஆரம்பித்தது. வந்த காண்ட்ராக்டர், "பழைய சுண்ணாம்பும்மா, இனிமே தாங்காது. சுரண்டிட்டு சிமென்ட் பூசிடலாம்" என்றார். சரி என்றேன். வாட்டர்ப்ரூஃப் கலந்த பூச்சு, அதன் மேல் பட்டி, அப்புறம் இரண்டு கோட் எமல்ஷன். ஆவணியில் பார்க்க லட்சணமாக இருந்தது. கார்த்திகையில் அம்மா கட்டிலை ஒட்டி அம்மை போட்டதுபோல் பெயிண்ட் கொப்புளித்தது. ஒரு கொப்புளத்தை விரலால் அமுக்கினேன். உள்ளேயிருந்து வெள்ளை உப்பு பொலபொலவென்று தலையணையில் கொட்டியது. முன்பு இடுப்போடு நின்ற ஈரம் தலை உயரத்துக்கு ஏறியிருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அம்மா இருமியே தீர்த்தாள்.

காரணத்தைச் சொன்னவர் சுவாமிமலைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், எழுபது வயதிருக்கும். கரணைப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் கெட்டியான சத்தம், சில இடத்தில் காலி டப்பாவைத் தட்டுகிற சத்தம். நம் பாட்டன் காலத்து வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கிற டிபிசி என்கிற அடுக்கு கிடையாது. மண்ணிலிருக்கும் தண்ணீர் செங்கல் வழியாக ஏறிக்கொண்டுதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுக் காய வைத்துவிடும். சிமென்ட் அடைத்துவிடுகிறது. வெளியேற வழி தெரியாத ஈரம் மேலே ஏறுகிறது, கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளுகிறது.

தை மாதம் சிமென்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். உப்பைத் தண்ணீர் படாமல் பிரஷ்ஷால் தட்டி, குப்பையை அன்றன்றே வெளியே கொட்டிவிட்டு, மூன்று மாதம் செங்கல்லை அப்படியே காயவிட்டோம். அந்த மூன்று மாதம் வந்து போனவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சுக்காகக் கொல்லைத் தொட்டியில் சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் விட்டதும் உலைபோல் கொதித்தது பார், அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதில் கலப்பதற்காகப் பானையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த வாசனை தெரு முனை வரைக்கும். நம் கெமிஸ்ட்ரி மிஸ் சுண்ணாம்புத் தண்ணீரில் குழாயை விட்டு ஊதச் சொல்வாரே, நீ உறிஞ்சித் தொலைத்தாயே, அதேதான் சுவரிலும் நடக்கிறதாம். ஊதினால் பால்போல் வெளுக்கிற அந்தச் சுண்ணாம்புதான் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகிறது. அவசரப்படுத்த முடியாது. மெல்லிசாக ஒரு பூச்சு, அது இறுகியதும் அடுத்தது, இடையில் ஈரச் சாக்கு. மேலே வெறும் வெள்ளைதான் அடித்தோம், பெயிண்ட் இல்லை.

இப்போது மூன்று வாரமாக அடைமழை. தினமும் காலையில் எழுந்ததும் அந்தச் சுவரைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு நிறம் மங்கியிருக்கிறது, இரண்டு நாள் வெயில் அடித்தால் காய்ந்துவிடுகிறது. சுண்ணாம்பு ஈரத்தை நிறுத்திவிடும் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன், காயவிடும், அவ்வளவுதான். அம்மாவுக்கு இந்த ஐப்பசியில் இருமல் இல்லை.

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சுவரைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார். ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டுத் திண்ணைப் படி இரண்டு புதைந்துவிட்டது, தெருத் தண்ணீர் சுவரோரம்தான் நிற்கும். கொல்லையில் உன் தம்பி போட்ட சிமென்ட் தளம் வேறு வீட்டைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. அவற்றைச் சரிசெய்தாலே பாதி ஈரம் போய்விடும். சிவப்புத் தரையையும் மூடாதே. டைல்ஸ் ஒட்டினால் தரை வழியாக வெளியேறுகிற ஈரமும் சுவரைத் தேடிப் போகும்.

மாடிக்குக் கான்கிரீட் வேண்டவே வேண்டாம். அது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் குறுக்காகச் செங்குத்தாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து அடித்து இறுக்கிய தளம், மேலே தட்டோடு. பத்துக்குப் பத்து அறைக்கு ஓர் அங்குலம் கான்கிரீட் போட்டாலே அரை டன்னுக்கு மேல் எடை ஏறும். மூன்று அங்குலம் என்றால் ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும், அத்தனையும் அந்தக் கட்டைகள் தலையில். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி தென்னை விழுந்த இடத்திலிருந்துதானே ஒழுகல் ஆரம்பித்தது? அங்கே தட்டோட்டைப் பெயர்த்து, உடைந்த தளத்தை எடுத்துவிட்டு அதே சுண்ணாம்பில் கட்டினால் போதும். கைப்பிடிச் சுவரோரம் அரசங்கன்று இருந்தால் வேரோடு எடுக்கச் சொல். கட்டைகள் சுவருக்குள் நுழைகிற முனையை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார், மெத்தென்று உள்ளே இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் அந்த நடுச்சுவர். இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. கூடத்தில் மல்லாந்து படுத்து மேலே பார், கட்டைகளெல்லாம் அந்தச் சுவரில்தான் வந்து உட்கார்ந்திருக்கும், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதை எடுத்தால் கூரை நிற்க இடமில்லை. "இரும்பு கர்டர் கொடுத்துக்கலாம்" என்று யாராவது வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. கட்டட இன்ஜினீயரை நேரில் அழைத்து வந்து காட்டி, கணக்குப் போட்டு எழுதித் தரச் சொல். அவருக்குக் கொடுக்கிற பணம் டைல்ஸ் செலவில் கால்வாசி கூட வராது. ஆட்கள் வேலை செய்கிற இடம் ராஜி, நீயும் பேரனும் படுக்கப் போகிற இடம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு இரண்டு முகூர்த்த மாதம் நான் வாசலைப் பார்த்து நின்றேன். நீ வேலை முடிய முடியக் கொடு, என்னென்ன வேலை, என்ன அளவு, எந்தச் சாமான் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு, கடைசிப் பங்கை ஒரு மழை பார்த்துவிட்டுக் கொடு. பழைய வீட்டில் கொத்தக் கொத்த வேலை கிளம்பும், கையில் ஒரு தொகையைத் தனியாக வை. பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பார். உன் வீட்டுக்காரர் முழங்காலுக்கு அங்கே படியே வைக்காதே, வழவழப்பான டைல்ஸும் வேண்டாம். வயரிங் முழுக்கப் புதிதாக, நல்ல எர்த்தோடு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல். ஈரச் சுவரில் பழைய ஒயர் ஓடுகிற வீடு அது. பைப்பும் ஒயரும் போகிற இடத்தைப் பூசுவதற்கு முன்னால் டேப் பிடித்துப் போட்டோ எடுத்து வை.

தையில் வந்து பார்த்தால் எல்லாம் காய்ந்து அழகாகத் தெரியும், எதுவும் பிடிபடாது. இப்போதே வா. வெள்ளிக்கிழமை ராத்திரி கோயம்புத்தூரில் செம்மொழி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் காலையில் மன்னார்குடி. நான் நீடாமங்கலம் வழி பஸ்ஸில் வந்துவிடுகிறேன். ஒரு ராத்திரி அங்கேயே தங்குவோம். எங்கெங்கே ஈரம், எங்கே சொட்டுகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுத் தேதி எழுதிவிட்டு வரலாம். கொத்தனாரிடமும் கேட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் என்றிருக்கிறார்.

வீட்டுச் சாவி உன்னிடம் இருக்கிறதா, பட்டுச் சித்தியிடமா? சித்தியிடம் என்றால் முன்கூட்டியே சொல், அங்கே போய் வாங்கி வர எனக்கு அரை நாளாவது வேண்டும்.

அன்புடன்,
வசந்தா