தினமும் மூன்று மணிக்கு ஒரு மேகம்

பாளையங்கோட்டை
ஐப்பசி 5

எலே சங்கரா,

நீ கேட்டது ஒரே ஒரு வரி. "மொட்டைமாடித் தட்டட்டியில் வானிலை பார்க்க ஏதோ காற்றாடி மாட்டியிருக்கியாமே, எனக்கும் ஒண்ணு வேணும், எதை வாங்கலாம்னு சொல்லு." அதற்குப் பதில் எழுத எனக்கு எட்டு மாசம் ஆகியிருக்கிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வாட்ஸப்பில் நாலு வரி தட்டியிருக்கலாம்தான். நீ கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போயிருப்பாய். அதோடு, ஐம்பது வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற சங்கதி ஒன்றும் இருக்கிறது. அது கடைசியில் வரும். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போகாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. வேலாயுதம் மகளுக்குத் தை மாசம் கல்யாணம், பத்திரிகை வரும். மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? கோமதியையும் பேரனையும் விசாரித்ததாகச் சொல்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது 2023 டிசம்பர் 17 ராத்திரி. நீ அன்றைக்குக் கோத்தகிரியில் கம்பளிக்குள் இருந்தாய். இங்கே வானம் பொத்துக்கொண்டது. அதற்கு முன்னாலேயே நான் மழை அளந்துகொண்டுதான் இருந்தேன், பழைய பிஸ்கட் டின்னும் ஸ்கேலும் வைத்து. பக்கம் நேராக இருக்கிற எந்த டின்னும் மழைமானிதான், உங்கப்பா சொல்லித் தந்ததே. 25 சென்டி உயரமான டின். காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் டின் நிரம்பி நாலு பக்கமும் வழிந்துகொண்டிருக்கிறது. அப்புறம் கரண்ட் இல்லை, போன் இல்லை, தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது, அதெல்லாம் உனக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் என் தலைக்கு மேலே எவ்வளவு பெய்தது? 25-க்கு மேல், அவ்வளவுதான் தெரியும். அது 26-ஆ 46-ஆ என்று யாரைக் கேட்பது? ஆயுசில் ஒருமுறை பெய்கிற மழை, அதைக் கோட்டை விட்டேன். செல்லம் சொல்கிறாள், "வீட்டுக்குள்ள தண்ணி வரலையேன்னு சந்தோஷப்படுவீங்களா, டின் பத்தலைன்னு அழுவீங்களா?" அழத்தான் செய்தேன்.

முதலில் வாங்கினது ஒரு மலிவு வானிலை செட், ஆன்லைனில். பெயர் வேண்டாம். மேலே ஒரு கம்பத்தில் எல்லாம் ஒன்றாக ஒட்டியிருக்கும்: மழைக்குப் புனல், காற்றுக்கு மூன்று கிண்ணம், திசைக்கு வால், வெப்பத்துக்கு இட்லித் தட்டை அடுக்கின மாதிரி ஒரு வெள்ளைக் கூடு. கீழே ஹாலில் கலர் டிஸ்ப்ளே. அதில் வெயில், மேகம், மழை என்று படம் போட்டு ஜோசியம் சொல்லும்.

ஜோசியத்தைக் கேள். தினமும் மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஒரு கறுத்த மேகமும் நாலு மழைக்கோடும் வந்துவிடும். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, அது மழை என்கிறது. முதல் வாரம் செல்லம் அதை நம்பி, தட்டட்டியில் காயவைத்த கூழ்வடகத்தை அள்ளிக்கொண்டு கீழே ஓடிவந்தாள். ஏழு நாளும் ஓடிவந்தாள். எட்டாம் நாள் அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

கோளாறு மெஷினில் இல்லை, அது பிறந்த ஊரில் இருக்கிறது. அது காற்றழுத்தம் இறங்குகிறதா ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துப் படம் போடுகிற ஜாதி. ஐரோப்பாவில் சில மணி நேரத்தில் மூன்று மில்லிபார் இறங்கினால் மழை வருகிறது என்று அர்த்தம். (இப்போது ஹெக்டோபாஸ்கல் என்கிறார்கள். நம் மில்லிபார்தான், பெயரை மாற்றிவிட்டார்கள்.) நம் பக்கம் கடலுக்கு ஏற்றவற்றம் மாதிரி காற்றுக்கும் உண்டு. காலை பத்து மணிக்கு உச்சம், சாயங்காலம் நாலுக்குப் பள்ளம். திரும்ப ராத்திரி பத்துக்கு உச்சம், விடியற்காலை நாலுக்குப் பள்ளம். மேலே இருக்கிற காற்றை வெயில் சூடாக்குவதால் வருகிற அலை இது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பெரிசாக இருக்கும், வடக்கே போகப்போகச் சுருங்கிவிடும். பத்திலிருந்து நாலுக்குள் மூன்று நான்கு மில்லிபார் இறங்குவது நமக்கு நித்தியப்படி. அந்தச் சவத்துக்கு அது தெரியாது, தினமும் புயலைப் பார்த்துப் பயப்படுகிறது. இப்போது செல்லம் அதைக் கடிகாரமாக வைத்துக்கொண்டுவிட்டாள். "மேகம் வந்தாச்சு, காபி போடவா?"

ஆகவே படத்தை நம்பாதே, நம்பரைப் பார். நம்பரிலும் ஒன்று. கோத்தகிரியில் பெட்டியைப் பிரித்ததும் காற்றழுத்தம் 820 மில்லிபாரை ஒட்டி ஏதோ காட்டும். பயந்து எனக்குப் போன் போடாதே. கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாய், உன் தலைமேல் காற்றே அவ்வளவுதான். கடல்மட்டத்துக்கு மாற்றிக் காட்டச் சொல்லி செட்டிங்கில் உயரத்தைக் கொடுக்கவேண்டும்.

வயர்லெஸ் கதை தனி. பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருப்பான், அது வெட்டவெளிக் கணக்கு. எங்கள் வீட்டுக் கான்கிரீட்டையும் அதற்குள் இருக்கிற கம்பியையும் தாண்டிப் பத்து மீட்டர் வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிட்டது. ஹாலில் வைத்தால் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் கோடு கோடாக வரும். மாடிப்படித் திருப்பத்தில், மேலே கதவு பார்க்கிற மாதிரி வைத்தபிறகுதான் சரியானது. வைஃபையில் சேர்க்க இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் தங்கச்சி மகன் வந்து, "மாமா, இது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் எடுக்கும், நீங்க 5-ல குடுக்கிறீங்க" என்று ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டு இரண்டு தோசை தின்றுவிட்டுப் போனான்.

வெப்பமும் பொய்தான். பேப்பரில் 38 என்றால் என் தட்டட்டியில் 41. தளத்துச் செங்கல் சூடெல்லாம் அந்த இட்லித் தட்டுக்குள் ஏறுகிறது. முறைப்படி தரைக்கு மேல் ஒன்றேகால் மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குள், புல்தரையில், காற்றோட்டமாக இருக்கவேண்டும். தாமஸ் ஸ்டீவன்சன் என்கிற கலங்கரை விளக்க இன்ஜினியர் அதற்காகத்தான் 19-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைச் சட்டம் அடித்த மரப்பெட்டி செய்தார். காற்றுமானியோ பத்து மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். மழைமானி தாழ்வாக, பக்கத்தில் இருக்கிற மரத்தின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி இருக்கவேண்டும். மூன்றையும் ஒரே கம்பத்தில் ஒட்டி விற்றால் எங்கே நட்டாலும் ஏதாவது ஒன்று பொய் சொல்லும். அதைத் தெரிந்துகொண்டபோது காசு போயிருந்தது.

உனக்கு நான் சொல்வது இது. எல்லாம் ஒன்றாக ஒட்டியதை வாங்காதே, மழைமானி தனியாக வருகிற செட்டை வாங்கு. காற்றை விட்டுவிடு, வீட்டைச் சுற்றி சில்வர் ஓக்கை வைத்துக்கொண்டு நீ எந்தக் காற்றை அளக்கப்போகிறாய்? டேவிஸ் வான்டேஜ் ப்ரோ 2 என்று ஒன்று இருக்கிறது, காற்றுச் சேதியை 2.5 வினாடிக்கு ஒருமுறை அனுப்பும், பார்த்தாலே கும்பிடத் தோன்றும். மாப்பிள்ளை வாங்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்லாதே. உன் பென்ஷனில் கை வைக்காதே.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். இப்போது புனலே இல்லாத மழைமானி வருகிறது, மேலே துளி வந்து மோதுகிற அதிர்வை வைத்துக் கணக்குப் போடும். அடைப்பே வராது, கழுவவேண்டாம், எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் உன் ஊரில் பாதி மழை மழையாகவா பெய்கிறது? பனிமூட்டமாக வந்து இலையை நனைத்துவிட்டுப் போகிறது. அந்தத் தூறல் அதற்கு உறைக்காது. உனக்குப் பழைய கப் மாடல்தான். உள்ளே சீசா மாதிரி இரண்டு சின்னக் கரண்டி இருக்கும். ஒன்று நிறைந்ததும் 'டிக்' என்று கவிழும், அடுத்தது மேலே வரும். ஒரு டிக்குக்கு 0.2 மில்லிமீட்டர் மழை. பாட்டரிக்கு ஆல்கலைன் போடு, சார்ஜ் ஏற்றுகிறதைப் போட்டால் வோல்டேஜ் பற்றாது. கம்பத்தை ஆழமாக நடு. காட்டுமாடு தோட்டத்துக்குள் வருகிறது என்று படம் அனுப்பினாயே, அது முதுகு சொறிய நல்ல கம்பமாகத் தேடிக்கொண்டிருக்கும். குரங்குக்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்காதே.

"நீலகிரி மழையைத்தான் பேப்பர்லயே போடறானே" என்று நீ சொல்வாய். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிக்கு மேல் பெய்ததே, அதே நீலகிரிதான். தென்மேற்கில் அந்தப் பக்கம் கொட்டும், மலை மறைப்பில் இருக்கிற உன் பக்கம் சாரலோடு நின்றுவிடும். உனக்கு இனிமேல்தான், இந்த ஐப்பசி கார்த்திகையில். உன் வீட்டு மழையை நீ அளந்தால்தான் உண்டு.

டிஸ்ப்ளேயில் நாள் கணக்கு நடுராத்திரியோடு முடிந்துவிடும். அதை விடு. காலை எட்டரைக்குப் பார்த்து நோட்டில் எழுது. எட்டரை என்பது கிரீன்விச்சில் மூன்று மணி, உலகம் பூராவும் வானிலைக்காரர்கள் பார்க்கிற நேரம். அப்போதுதான் அணைக்கட்டு மழையோடும் தாலுகா மழையோடும் ஒப்பிட முடியும். உங்கப்பா எட்டரைக்கு மழைமானிக்கு முன்னால் நிற்பாரே, சட்டைப் பையில் பேனாவோடு.

சரி, இப்போது மழைமானியைச் சோதித்த சலைன் பாட்டில் கதை.

பங்குனியில் வேப்பம்பூ கொட்டிப் புனல் அடைத்துக்கொண்டது. பெய்த கோடை மழையெல்லாம் மேலேயே தேங்கி, மறுநாள் பூராவும் சுள்ளென்ற வெயிலில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. டிஸ்ப்ளேயில் விடாத தூறல். கழற்றிக் கழுவினேன். கழுவினபோதுதான் சந்தேகம் வந்தது, அடைப்பு இல்லாவிட்டால் மட்டும் இது சரியாகச் சொல்கிறதா? புனலின் வாய் 11 சென்டி. பரப்பு 95 சதுர சென்டி. அப்படியென்றால் 20 மில்லி மழை என்பது 190 மில்லி தண்ணீர். (மழை மில்லி என்றால் மில்லிமீட்டர், தண்ணீர் மில்லி என்றால் மில்லிலிட்டர், குழம்பாதே.) 0.2 வீதம் சரியாக 100 டிக். ஆனால் மடக்கென்று ஊற்றக்கூடாது, மழை மாதிரி இறங்கவேண்டும்.

தெரிந்த கம்பவுண்டரிடம் சலைன் பாட்டிலும் டியூபும் வாங்கி, துணி காயப்போடுகிற கம்பியில் தொங்கவிட்டேன். நிமிஷத்துக்கு அறுபது சொட்டு சொச்சம், ஒரு மணி நேரம். குடையும் ஸ்டூலுமாக உட்கார்ந்து டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்குங்க உடம்பு சரியில்லை?" என்கிறார்.

92 டிக். அதாவது 20 பெய்தால் 18.4 என்கிறது. செட்டிங்கில் 1.09-ஆல் பெருக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. சொட்டை வேகமாக விட்டால் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. கரண்டி கவிழ்கிற அந்தக் கண்ணிமைப்பில் விழுகிற தண்ணீர் கணக்கில் வராது. கொட்டுகிற மழையில் அது எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். அதனால் பக்கத்தில் ஒரு டின்னும் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை 60 சென்டி உயரம்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கப்பா ஞாபகம் வந்தது.

அந்தச் சித்திரை மழை. சின்ன வயசில் நாம் இரண்டு பேரும் உங்கப்பாவின் மழைமானிக்குள் திருட்டுத்தனமாகச் சொம்புத் தண்ணீரை ஊற்றினோமே, அந்த ஒரு சொம்பில் பெய்த மழை. நீயும் நானும் அதைச் சொல்லிச் சொல்லி இத்தனை வருஷம் சிரித்திருக்கிறோம், உங்கப்பாவுக்குத் தெரியவே தெரியாது என்று. தெரியும்டா. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நீ அன்றைக்கு ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தாய். அடிக்கப்போகிறார் என்று கால் நடுங்கப் போய் நின்றேன். அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "எந்தச் சொம்புடா? எத்தனை சொம்பு?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி நிஜமாகவே கொஞ்சம் மழை பெய்திருந்ததாம். நாம் ஊற்றினது எது, வானம் ஊற்றினது எது என்று பிரிக்கவேண்டும். உங்கம்மாவிடம் அந்தச் சொம்பை வாங்கி, நாம் நிரப்பின மாதிரியே கழுத்து வரைக்கும் என்னை நிரப்பச் சொன்னார். அளவுக் கண்ணாடியில் ஊற்றி ஊற்றிப் பார்த்தார். மழைமானியில் இருந்தது 31 மில்லி. சொம்புக்கு 27. பாக்கி 4. "நாலு மில்லி பெஞ்சிருக்கு" என்றார், யாரோ நல்ல சேதி சொன்ன மாதிரி. ரிஜிஸ்டரில் எழுதினார். போகும்போது, "சங்கரன் கிட்டச் சொல்லாதே, அவன் பயந்துக்குவான்" என்றார். சொல்லவில்லை. அவர் போனபிறகும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆபீஸ் ரிஜிஸ்டர் போக வீட்டிலும் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பாரே, காலிகோ அட்டை போட்டது. வீட்டை விற்றபோது அந்த டிரங்குப் பெட்டி உன்னோடுதானே வந்தது? இருந்தால் அந்தச் சித்திரைப் பக்கத்தைத் தேடிப் பார்த்து எழுது, 4 என்று இருக்கிறதா என்று.

உன்
இசக்கி