செவ்வாய்க்கிழமை வரும் அக்காவுக்கு

உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, அக்கா. அப்பா உங்களை "செவ்வாய்க்கிழமை பொண்ணு" என்றுதான் சொல்வார்.

நோய்க்கு இனி மருந்தில்லை என்று சொன்ன பிறகு அவரை நீங்கள் வரும் அந்த வலி தணிப்பு இல்லத்தில் சேர்த்தோம். 4 மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை வலியை அடக்கியது. ஆனால் அவர் சாப்பிடுவதை நிறுத்தியதும் நான் ஆடிப்போய்விட்டேன். கஞ்சியும் கரண்டியுமாகப் போராடிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "உடம்பு இப்போ சாப்பாடு கேட்கலைப்பா. வற்புறுத்தினா புரையேறும். நாம பட்டினி போடலை." அப்புறம் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, உதட்டை ஈரப்படுத்தக் கற்றுக்கொடுத்தீர்கள். அதை மட்டும் கடைசிவரை நான்தான் செய்தேன்.

அப்பா 28 வருஷம் பஸ் கண்டக்டர். அவரிடம் நோயைப் பற்றிக் கேட்காமல் ஸ்டாப்பிங் பெயர்களைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். கிண்டி, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம். வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிடுவீர்கள், அவர் விடமாட்டார், திருத்துவார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்கணும்!

கடைசி நாள் அவர் கண் திறக்கவில்லை. "காது கேட்கும்னு நினைச்சே பேசு" என்றீர்கள். எனக்கு வார்த்தை வரவில்லை. நீங்கள் குனிந்து, அவர் காதருகே கிண்டியிலிருந்து ஆரம்பித்தீர்கள். இந்த முறை ஒன்றையும் விடவில்லை.

ரொம்ப நன்றி அக்கா. அப்பாவின் விசில் உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டு வருகிறேன்.