பூட்டிய காரில் வாடும் பட்டங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் சறுக்கும் கைட்சர்ஃபிங் விளையாட்டில் ஈடுபடுவோர் பலர், விலையுயர்ந்த கருவிகளை வெயிலில் நிற்கும் காருக்குள் பூட்டிவிட்டுச் செல்கின்றனர். வெளியே 35 டிகிரி செல்சியஸ் என்றால், கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில், பட்டத்தை விறைப்பாக நிறுத்தும் காற்றுப்பையோடு வால்வைப் பிடித்திருக்கும் பசை இளகி, அடுத்த முறை காற்றடிக்கும்போது வால்வின் விளிம்பு மெல்ல உரிந்து வரும். ஈரத்தோடு சுருட்டிய பட்டமென்றால் கேடு இன்னும் அதிகம். நுரை உள்ளீடு கொண்ட பலகையிலோ, உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மேற்பரப்பு கொப்புளமாக எழும்பக்கூடும். உள்காற்றை வெளியேவிடும் காற்றுத்திருகு உள்ள பலகையில் அதைத் தளர்த்தி வைக்கலாம் (கடலில் இறங்குமுன் மறவாமல் முடுக்க வேண்டும்). வெளிர்நிறப் போர்வை ஓரளவே உதவும். என்னைக் கேட்டால், இறக்கி நிழலில் வைப்பதே மேல். தயாரிப்பாளர்கள் இந்த எச்சரிக்கையைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளிக்காமல், பையின் மேலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்