பெயிண்டர் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

குன்னூரில் எங்கள் லைன் சொந்தங்களுக்கு வணக்கம்.

பூஞ்சை மூளைக்காய்ச்சலில் நான் படுத்தது உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்ப எழுதவில்லை. கோவையில் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தபோதெல்லாம் தோளைப் பிடித்துக்கொண்ட நர்ஸ் அக்காக்கள், பூஞ்சைக்கான ஆம்போடெரிசின் மருந்து ஏறி உடம்பு உதறும்போது தன் கம்பளியையும் எடுத்துப் போர்த்திய பக்கத்துப் படுக்கைத் தாத்தா, 14 கொண்டை ஊசி வளைவிலும் அலுங்காமல் என்னை இறக்கிய வண்டிக்காரத் தம்பி, என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்த ஃபேக்டரி ஆட்கள், எல்லோருக்கும் கும்பிடு.

ஆனால் இந்த மடல் பெயிண்டர் அண்ணனுக்கு.

பூஞ்சை மூளைக்காய்ச்சல் காது நரம்பைத் தின்றுவிட்டது. கேட்காதது ஓரளவு பழகிவிட்டது. உடம்பை நேராக நிறுத்துவதும் உள்காதுதான் என்பது அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பகலில் கண் சமாளித்துவிடும். இருட்டிலும் பனியிலும் கால் தள்ளாடும். பொழுது சாய்ந்து தள்ளாடுகிறவனுக்கு நம் ஊரில் ஒரே பெயர்தான். யாரும் சொன்னார்களா தெரியாது. சொன்னாலும் எனக்குக் கேட்காது!

அண்ணன் மட்டும் கவனித்திருக்கிறார், பகலில் சரியாக நடப்பவன் சாயங்காலம் மட்டும் ஏன் சுவரைத் தடவுகிறான் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், நம் சந்துப் படிகளில் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் எனாமல் அடித்துக்கொண்டிருக்கிறார். எங்கேயோ வேலையில் மிஞ்சிய டப்பா. வெள்ளை அடிக்கலாமே என்றேன். காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் எழுதினார்: "பனில வெள்ளை தெரியாது." கீழே இன்னொரு வரி: "மணல் கலந்திருக்கு, வழுக்காது." காசு நீட்டியதற்கு மூன்றாவது வரி: "டீ."

இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. என் கண்ணுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்பதை அவரே கண்டுபிடித்தார். இப்போது இருட்டும் நேரத்தில் தனியாக மேலேறி வருகிறேன்.

இன்னொன்று. எனக்கு வந்த நோய் ஒட்டுவாரொட்டி இல்லை. மண்ணிலும் புறா எச்சத்திலும் இருக்கிற பூஞ்சை, தூசியோடு மூச்சில் போவது. என்னோடு தைரியமாக உட்கார்ந்து சாப்பிடலாம். பேசும்போது முகத்தைக் காட்டுங்கள், கத்தாதீர்கள். கத்தினால் வாய் கோணி உதடு புரிவதில்லை.

தென்மேற்கு மழைக்கு முன்னால் ரேஷன் கடைப் படிக்கும் அங்கன்வாடிப் படிக்கும் மஞ்சள் அடித்தாக வேண்டும். செலவு என்னுடையது. பிரஷ் மட்டும் நீங்கள் பிடியுங்கள் அண்ணா, நான் குனிந்தால் அங்கன்வாடி வரைக்கும் உருண்டுவிடுவேன்.